ஜங்ஷனில் நாற்பது நிமிஷம்

அம்மா: ...ஒரே ஒரு தடவைதான் வண்டி மாறணும். அதுக்குப் போய் ஏன் இப்படி ஒத்தைக் கால்ல நிக்கறீங்க?

அப்பா: எங்க நிக்கறேன்? நாற்காலியிலதானே உக்காந்திருக்கேன். அந்த மாறறதுதான் வேண்டாம்ங்கறேன்.

அம்மா: மூணு இருபதுக்கு ஜங்ஷன்ல இறங்கறோம். நாலு மணிக்கு அடுத்த வண்டி. முழுசா நாப்பது நிமிஷம். நம்ம குட்டி செருப்பைக் கழட்டி, மறுபடி போட்டு, மறுபடி கழட்டினாக்கூட ஏறிடலாம்.

அப்பா: ரெண்டு பிள்ளைங்க, மூட்டை முடிச்சு, படி ஏறி, படி இறங்கி...

மகள்: படியே கிடையாதுப்பா. அதே பிளாட்பாரம், எதிர்ப் பக்கம். அம்மா கேட்டுட்டு...

அம்மா: நீ லிஸ்ட்டை எழுது. பெரியவங்க பேச்சுல வாயை வைக்காதே.

மகள்: எழுதிட்டுதான் இருக்கேன். ஜன்னல் எனக்கு, மேல் படுக்கையும் எனக்கு.

அப்பா: ரெண்டும் எப்படி உனக்கு?

மகள்: பகல்ல ஜன்னல், ராத்திரி மேல. குட்டிக்கு உங்க மடி.

அப்பா: என் மடியை யாரைக் கேட்டு குடுத்தே? அந்த லிஸ்ட்டைக் காட்டு... போர்வை நாலு, சீட்டுக்கட்டு ஒண்ணு, கரடி பொம்மை. பொம்மை எத்தனைன்னு போடலையே.

மகள்: வீட்டுல இருக்கறதே ஒண்ணுதான்ப்பா.

அப்பா: இருந்தாலும் போடணும். படிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

அம்மா: லிஸ்ட்டைப் படிக்கப் போறது நான். எனக்குத் தெரியும். இவரு வீட்டுக்கு வந்தும் சிவப்புப் பேனாவை மூட மாட்டாரு.

அப்பா: ஒரு பழக்கம்தான்.

அம்மா: கல்யாணமான புதுசுல அம்மா வீட்டுக்கு நான் எழுதின கடுதாசியைத் தபால் பெட்டியில போடச் சொல்லிக் குடுத்தேன்டி. நாலு எடத்துல வட்டம் போட்டுத் திருப்பிக் குடுத்தாரு. பதினாலு வருஷமாச்சு.

மகள்: அப்புறம்?

அம்மா: அப்புறம் என்ன, நானே போய்ப் போட ஆரம்பிச்சேன்.

அப்பா: இப்ப எதுக்கு அந்தக் கதை? ஊருக்குப் போறதைத்தானே பேசிக்கிட்டு இருந்தோம். பஸ்ல போலாமே.

அம்மா: போன லீவுக்குப் பஸ்னு சொன்னேன். குட்டி வாந்தி எடுப்பான்னீங்க.

அப்பா: விமானம்?

அம்மா: காது அடைக்கும்னீங்க.

அப்பா: குட்டிக்கா?

அம்மா: உங்களுக்கு.

அப்பா: ...உன் அக்கா வீடு?

அம்மா: என் அக்கா வீட்டுக்கு நீங்களா வரேன்னு சொல்றதை நான் இன்னிக்குத்தான் கேக்கறேன். ஏதோ பெருசா இருக்கு.

அப்பா: ஒண்ணும் இல்லை. ரெண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல் ரயில்லயே கழிக்கணுமா? லீவே எட்டு நாள். அதுல போக வர நாலு நாள் உக்காந்துக்கிட்டே போயிடும்.

அம்மா: அந்த உக்காரறதுக்குத்தான் போறோம்.

அப்பா: இது என்ன புது நியாயம்?

அம்மா: நீங்க எட்டு மணிக்கு அச்சாபீஸ் போறீங்க. நான் மருந்துக்கடையிலேருந்து திரும்பறதுக்கு ராத்திரி ஒன்பது ஆகுது. நான் வரும்போது இதுங்க பாதித் தூக்கம். ஞாயித்துக்கிழமை ஒரு நாள், அதையும் துணி துவைச்சே தீத்துடறேன். நாம நாலு பேரும் ஒரே எடத்துல, யாரும் எழுந்து போக முடியாம உக்காந்து எத்தனை நாளாச்சு சொல்லுங்க? விமானத்துல போனா போய்ச் சேருவோம், அவ்வளவுதான். ரயில்னா கூடவே இருப்போம். ஊர் போய்க் கடலைப் பாத்தா சரி, பாக்காட்டியும் சரி. எனக்கு அந்த ரெண்டு நாள் பெட்டிக்குள்ள இருக்கறதுதான் லீவு.

மகள்: எனக்குக் கடலும் வேணும்.

அம்மா: உனக்குக் கடலும் உண்டு.

அப்பா: சரி, ரயில்னே வச்சுக்குவோம். மாறாம போற வண்டி ஏதாவது...

அம்மா: அந்த ஊருக்கு நேர் வண்டி கிடையாது. உங்க புத்தகத்துலயே பாத்துட்டேன்.

அப்பா: அது என் புத்தகமா? ரயில்வே புத்தகம்.

அம்மா: ரயில்வே கால அட்டவணை, புதுப் பதிப்பு, பக்கம் இருநூத்திப் பதினாலு. நீங்கதானே வீட்டுக்கு ஒண்ணு கொண்டுவந்து அலமாரியில வச்சீங்க. நான் கதைப் புத்தகம் மாதிரி படிச்சேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தானே படிக்கறேன்.

அப்பா: எல்லாப் பக்கத்தையும் நான் பாக்கறதில்லை.

அம்மா: இருநூறுலேருந்து இருநூத்தம்பது வரைக்கும் என் தலையில கட்டிட்டாங்கன்னு மூணு வாரம் சோறு இறங்காம இருந்தீங்க.

அப்பா: அப்படியா சொன்னேன்?

அம்மா: சொன்னீங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்த பக்கம். அதை நம்பி வண்டி ஏறாம வேற எதை நம்பி ஏறறது?

அப்பா: தண்ணி குடுக்கறியா?

அம்மா: பக்கத்துலயே சொம்பு இருக்கு.

மகள்: அப்பா, முகம் ஏன் வேர்க்குது?

அம்மா: நீ மாடிக்குப் போய்க் காயற துணியை எடுத்துட்டு வா. மடிச்சு எடுத்துட்டு வா. குட்டி உள்ள தூங்கறா, சத்தம் போடாம போ.

மகள்: மாடியிலேயே மடிக்கணுமா?

அம்மா: ஆமா. விளிம்பு பாத்து, நிதானமா.

மகள்: நான் இருக்கக் கூடாதுன்னா இருக்கக் கூடாதுன்னு சொல்லலாம்ல.

அம்மா: இருக்கக் கூடாது. போ.

மகள்: சரி.

அப்பா: அவளை ஏன் விரட்டினே?

அம்மா: நீங்க மென்னு முழுங்கறதைப் பிள்ளை பாக்க வேண்டாமேன்னுதான்.

அப்பா: நான் எதையும் முழுங்கலை. முதுகு வலி. அந்தப் பலகையில ரெண்டு ராத்திரி படுத்தா எழுந்திருக்கவே முடியாது.

அம்மா: முதுகுக்கு மாத்திரை தரேன். கடையில அதானே எனக்கு வேலை.

அப்பா: ஆபீஸ்ல லீவு குடுக்கணும்.

அம்மா: புத்தகம் வெளியில வந்தாச்சு. இந்த மாசம் உங்களுக்கு அங்க என்ன வேலை? நீங்களே சொன்னீங்களே, ஈ ஓட்டறோம்னு.

அப்பா: இப்ப கொஞ்சம் வேலை வந்திருக்கு.

அம்மா: என்ன வேலை?

அப்பா: ...ஆபீஸ் வேலை.

அம்மா: சரிங்க. நான் ஒரு முடிவு சொல்றேன். நீங்க வரவேண்டாம்.

அப்பா: என்னது?

அம்மா: முதுகு வலி, லீவு இல்லை, மனசும் இல்லை. எதுக்கு வம்பு? நீங்க வீட்டுல இருங்க. நானும் பிள்ளைங்களும் போயிட்டு வரோம். நாளைக்கே போய் ரிசர்வ் பண்ணிடறேன்.

அப்பா: ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டுத் தனியாவா?

அம்மா: என்ன தனியா? பெட்டி நிறைய சனம் இருக்கும். மூணு இருபதுக்கு இறங்கினா நாலு மணி வரைக்கும் பிளாட்பாரத்துல உக்காந்து ஏதாவது சாப்பிடுவோம். வண்டி வரும், ஏறுவோம்.

அப்பா: வேண்டாம்.

அம்மா: ஏன்?

அப்பா: வேண்டாம்னா விட்டுடேன்.

அம்மா: காரணம் சொல்லுங்க, விட்டுடறேன். குட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு, பெரியவளைக் கையில பிடிச்சுக்கிட்டு நாலு மணி வண்டிக்கு நான் நிக்கப் போறேன். உங்களுக்கு அதுல என்ன...

அப்பா: அது நாலு மணி வண்டி இல்லை. மூணு மணி வண்டி. மூணுக்கே கிளம்பிடும். நீங்க போய் இறங்கும்போது அது போய் இருபது நிமிஷம் ஆயிருக்கும். அடுத்தது மறுநாள் மூணு மணிக்குத்தான்.

அம்மா: புத்தகத்துல நாலுன்னு இருக்கே.

அப்பா: ரயில்வே கணக்குல மூணு மணிக்குப் பதினஞ்சு சுழி சுழின்னு இருக்கணும். பதினாறு சுழி சுழின்னு விழுந்திருக்கு.

அம்மா: விழுந்திருக்குன்னா? அதுவா தடுக்கி விழுந்துதா?

அப்பா: அச்சுல வந்த தப்பு.

அம்மா: அச்சுல வர்ற தப்பைப் பிடிக்கத்தானே உங்களை உக்காத்தி வச்சிருக்காங்க.

அப்பா: ...ஆமா.

அம்மா: சொல்லுங்க. நான் ஒண்ணும் உங்க ஆபீஸ் சூப்பரண்டு இல்லை.

அப்பா: எங்க வேலை எப்படின்னு உனக்குத் தெரியும்ல? எதிரெதிர ரெண்டு பேர். ஒருத்தர் மூலத்தைச் சத்தமா வாசிக்கணும். இன்னொருத்தர் அச்சுத் தாளைப் பாத்துக்கிட்டே டிக் போடணும். வாசிக்கறது புதுசா வந்த பொண்ணு. நாலு மாசம்தான் ஆச்சு. டிக் போடறது நான்.

அம்மா: தெரியும். அந்தப் பொண்ணு ஒரு தடவை கடைக்கு இருமல் மருந்துக்கு வந்துச்சு. வாசிச்சு வாசிச்சுத் தொண்டை போயிடுச்சுன்னு.

அப்பா: உங்கிட்டயா வந்துச்சு? எங்கிட்ட சொல்லலையே.

அம்மா: உங்ககிட்ட சொல்ல பயமா இருந்திருக்கும். மேல சொல்லுங்க.

அப்பா: அன்னிக்கு அது பதினஞ்சு சுழி சுழின்னுதான் வாசிச்சுது. என் காதுல விழுந்துது. இப்பவும் அந்தக் குரல் கேக்குது. ஆனா வரி முடிவுல அது குரலை இறக்கிடும். எண்ணு வயித்துக்குள்ள போயிடற மாதிரி இருக்கும். இப்படி வாசிக்கக் கூடாதும்மா, கடைசிச் சுழி வரைக்கும் ஒரே மட்டமா வரணும்னு நான் சொல்லிக் குடுத்தேன். கையை ஆட்டி, வாசிச்சும் காமிச்சேன்.

அம்மா: அப்புறம்?

அப்பா: சொல்லிக் குடுத்துக்கிட்டே டிக் போட்டுட்டேன். கண்ணு அந்தப் பொண்ணு மேல இருந்துது. பேனா மட்டும் தாள் மேல இருந்துது.

அம்மா: ...தப்பைத் திருத்தறதை விட்டுட்டு ஆளைத் திருத்தியிருக்கீங்க.

அப்பா: நீ அப்படிச் சொல்றே.

அம்மா: நீங்க எப்படிச் சொல்றீங்க?

அப்பா: ...அப்படித்தான்.

அம்மா: ஆபீஸுக்குத் தெரியுமா?

அப்பா: தப்பு இருக்குன்னு தெரியும். புகார் வந்திருக்கு. ஸ்டேஷன் விசாரணை ஜன்னல்ல யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. போன புதன்கிழமை எங்க ஆபீஸுக்கு வந்துது.

அம்மா: யாரு எழுதினதாம்?

அப்பா: பேர் இல்லை. ஒரு பயணின்னு போட்டிருக்கு.

அம்மா: ம்.

அப்பா: என்ன ம்?

அம்மா: ஒண்ணுமில்லை. சொல்லுங்க. ஆம்பிளை எழுத்தா, பொம்பளை எழுத்தா?

அப்பா: எழுத்தைப் பாத்து அதையெல்லாம் சொல்ல முடியுமா? நீலப் பேனா. கால் பக்கம். பக்க எண், வரி எண், போட்டிருக்கற நேரம், இருக்க வேண்டிய நேரம். கடைசியில ரெண்டு வரி. புத்தகத்தை நம்பி ஏற்கனவே ரெண்டு குடும்பம் ஜங்ஷன்ல ராத்திரி பூரா கிடந்துட்டு வந்திருக்கு, உடனே திருத்தம் போடுங்கன்னு.

அம்மா: போட்டாங்களா?

அப்பா: எங்க? விசாரணை முடிஞ்சாத்தான் திருத்தச் சீட்டு அடிப்பாங்களாம்.

அம்மா: நல்லா இருக்கே கதை. யார் பேர்ல பழியைப் போடறதுன்னு முடிவாகற வரைக்கும் சனங்க ராத்திரி பூரா பெஞ்சுல கிடக்கணுமா?

அப்பா: அதான் நாளைக்கு முடிஞ்சுடுமே.

அம்மா: எப்படி முடியும்?

அப்பா: தப்பா வாசிச்சிருப்பாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது.

அம்மா: அந்தப் பொண்ணா?

அப்பா: புதுசு. வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. நம்ம ஆளு கண்ணுல தப்புமாய்யா, பத்தொன்பது வருஷத்துல ஒரு பிழை விட்டதில்லையேன்னு சூப்பரண்டே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு.

அம்மா: நீங்க என்ன சொன்னீங்க?

அப்பா: நான் ஒண்ணும் சொல்லலை.

அம்மா: அந்தப் பொண்ணு?

அப்பா: அதைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. பதினஞ்சுன்னுதான் வாசிச்ச ஞாபகம் சார், ஆனா சார் டிக் போட்டிருக்காருன்னா நான்தான் குளறியிருப்பேன்னு சொல்லிச்சு. எம் பக்கம் கூடத் திரும்பலை.

அம்மா: அதுக்கு நீங்க?

அப்பா: சொன்னேனே. ஒண்ணும் சொல்லலை.

அம்மா: நாலு நாளா அதோட எதிர்லயே உக்காந்து வேலை பாத்தீங்க.

அப்பா: வியாழக்கிழமையிலேருந்து அதை வாசிக்க விடலை. கட்டுப் போடற பக்கம் அனுப்பிட்டாங்க. நாளைக்கு வேலை இல்லைன்னு எழுதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பா இல்லாத வீடு. அதோட சம்பளத்துலதான் தங்கச்சி படிக்கறா.

அம்மா: இதையும் சேத்துத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க.

அப்பா: ஆமா.

அம்மா: தெரிஞ்சும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் என்கிட்ட முதுகு வலின்னு கதை விட்டுக்கிட்டு இருக்கீங்க.

அப்பா: உனக்குப் புரியாது. அடுத்த மாசம் எங்க பிரிவுல தலைமை இடம் காலியாகுது. அந்த நாற்காலி எனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப போய் நான்தான்னு நின்னா அதுவும் போச்சு. என்னைத் தூக்கிப் படிவம் அடிக்கற பக்கம் போட்டுருவாங்க. விண்ணப்பம், ரசீது, கோடு போட்ட தாள். அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?

அம்மா: கோடு நேரா இருக்கான்னு பாருங்க.

அப்பா: நக்கலா?

அம்மா: இல்லை. எனக்கு வயித்தெரிச்சல். போன வருஷம் ஒரு தாத்தாவுக்கு பாதி வீரிய மாத்திரைக்குப் பதிலா முழு வீரிய மாத்திரைப் பட்டையைக் குடுத்துட்டேனே, ஞாபகம் இருக்கா?

அப்பா: இருக்கு. பஸ் நிலையம் வரைக்கும் ஓடினே.

அம்மா: செருப்பு அறுந்து, வெறுங்கால்ல ஓடினேன். முதலாளி பாத்துக்கிட்டு இருந்தாரு, கடையில பத்துப் பேர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்ன நெனைப்பாங்கன்னு யோசிக்க எனக்கு நேரமே இல்லை. பிடிச்சு வாங்கிட்டு வந்தப்புறம்தான் வெக்கமா இருந்துது. அன்னிக்கு ராத்திரி நீங்க என்ன சொன்னீங்க?

அப்பா: என்ன சொன்னேன்?

அம்மா: கவனம் இல்லாதவங்க இந்த வேலைக்கு வரக் கூடாதுன்னு.

அப்பா: ...அப்படியா சொன்னேன்?

அம்மா: சாப்பிட்டுக்கிட்டே சொன்னீங்க. நான் அன்னிக்கு சாப்பிடலை. இப்ப நான் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன். எனக்கு அது தேவையில்லை. தாளும் பேனாவும் எடுங்க.

அப்பா: எதுக்கு?

அம்மா: எழுதறதுக்கு. நாளைக்குக் காலையில வாயால சொல்றேன்னு போனா, படியேறும்போதே முழுங்கிடுவீங்க. எழுதி எடுத்துட்டுப் போனா கையில இருக்கும்.

அப்பா: இப்பவேவா?

அம்மா: பெரியவ மடிச்சு முடிக்கறதுக்குள்ள.

அப்பா: ...மதிப்பிற்குரிய ஐயா. கால அட்டவணையின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது.

அம்மா: நேர்ந்துவிட்டதா? மழையா அது, அதுபாட்டுக்கு நேர?

அப்பா: ஆபீஸ்ல இப்படித்தான் எழுதுவாங்க.

அம்மா: ஆபீஸ்ல எழுதறதை விடுங்க. நீங்க எழுதுங்க.

அப்பா: ...பக்கத்தில் உள்ள தவறு என்னுடையது. பதினாறு சுழி சுழி என்று இருப்பது பதினைந்து சுழி சுழி என்று இருக்க வேண்டும்.

அம்மா: ம். அடுத்து அந்தப் பொண்ணு.

அப்பா: வாசிப்பவர் பதினைந்து என்று சரியாகவே வாசித்தார். நான் அச்சுத் தாளைப் பார்க்காமல் குறியிட்டேன்.

அம்மா: ஏன் பாக்கலைன்னு எழுதலையே.

அப்பா: அதையும் எழுதணுமா?

அம்மா: எழுதாட்டி, எதிர்ல இருந்த பொண்ணு மேல உங்களுக்கு என்ன பார்வைன்னு வேற எவனாவது கதை கட்டுவான்.

அப்பா: ஐயையோ. சரி, சரி. அவருடைய வாசிப்பைத் திருத்திக்கொண்டிருந்ததால் என் கவனம் தாளில் இல்லை.

அம்மா: அவரை வேலையிலேருந்து எடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி.

அப்பா: அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.

அம்மா: கேட்டுக்கலாம்ல?

அப்பா: ...அவரை மீண்டும் வாசிப்புக்கே அமர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா: திருத்தச் சீட்டு?

அப்பா: அதுவும் இதுலயா?

அம்மா: இன்னிக்கு ராத்திரியும் அந்த பெஞ்சுல எவனோ கிடப்பான்.

அப்பா: திருத்தச் சீட்டை இனியும் தாமதிக்காமல் அச்சிட வேண்டும். போதுமா? இப்படிக்கு...

அம்மா: இங்க குடுங்க. நான் சத்தமா வாசிக்கறேன், நீங்க தாளைப் பாருங்க. உங்க ஆபீஸ் வழக்கப்படியே.

அப்பா: ஒரு தாளை ரெண்டு பேரு எப்படி? கிட்ட வா. மேசை மேல வச்சு வாசி.

அம்மா: மதிப்பிற்குரிய ஐயா. பக்கத்தில் உள்ள...

அப்பா: இரு. கால அட்டவணையின் இருநூற்றுப் பதினான்காம்...

அம்மா: ஆமா, விட்டுட்டேன். கால அட்டவணையின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் உள்ள தவறு என்னுடையது. பதினாறு சுழி சுழி என்று இருப்பது பதினைந்து சுழி...

அப்பா: கடைசிச் சுழியில குரலை... இல்லை. ஒண்ணுமில்லை. வாசி. நான் தாளைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

அம்மா: ...பதினைந்து சுழி சுழி என்று இருக்க வேண்டும்.

அப்பா: சரியா இருக்கு. மேல வாசி.

அம்மா: மீதியை நீங்க மனசுக்குள்ள படிச்சுக்குங்க.

அப்பா: அழறியா?

அம்மா: இல்லை. மடிச்சுச் சட்டைப் பையில வைங்க. நாளைக்குப் போட்டுக்கப் போற சட்டையில.

அப்பா: வச்சுட்டேன். தலைமை இடம் போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. போனா கஷ்டமாத்தான் இருக்கும்.

அம்மா: எனக்கும்தான் கஷ்டமா இருக்கும். அதுக்கு என்ன பண்றது?

மகள்: மடிச்சாச்சு. உள்ள வரலாமா?

அம்மா: வா.

மகள்: என்ன முடிவாச்சு? ரயிலா, பெரியம்மா வீடா?

அப்பா: ரயில்தான்.

மகள்: நெஜமா? மாறிப் போறதா?

அப்பா: மாறித்தான். ஜங்ஷன்ல ஒரு ராத்திரி தங்குவோம். ஸ்டேஷன்லயே தங்கற அறை இருக்கு, முன்னாடியே எழுதிக் கேக்கணும். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அந்த ஊரைச் சுத்திப் பாக்கலாம். அப்புறம் அடுத்த வண்டி.

மகள்: மூணு மணி வண்டிதானே?

அப்பா: ...மூணு மணின்னு உனக்கு யார் சொன்னா?

மகள்: கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்திருந்த மாமா. புத்தகத்துல தப்பு, நீங்க மூணாவது ஆள்னு சொன்னாரு. அம்மா அங்கேயே அவர்கிட்ட தாள் வாங்கி...

அம்மா: குட்டி எழுந்துட்டா போல இருக்கு. போய்ப் பாரு.

மகள்: சத்தமே கேக்கலையே.

அம்மா: போன்னா போ.

மகள்: லிஸ்ட்ல ஜங்ஷன் அறைன்னு சேத்துக்கறேன்.

அப்பா: சேத்துக்கோ.

அம்மா: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தாம கேக்கணும்.

அப்பா: நான் எப்ப கத்தியிருக்கேன்?

அம்மா: கத்த மாட்டீங்க. வட்டம் போடுவீங்க. அதுக்குக் கத்தறதே மேல்... போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ரிசர்வ் பண்ணலாம்னு ஸ்டேஷனுக்குப் போனேன். பெரியவளையும் கூட்டிட்டுப் போனேன். அந்த ஆள் விஷயத்தைச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துடுச்சு. எந்த மடையன் பாத்த பக்கம் இதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் எழுதினேன். எழுதிக் குடுத்துட்டுப் பாதி வழி வந்தப்புறம்தான், இருநூத்திப் பதினாலு யாரு பக்கம்னு உறைச்சுது. திரும்பிப் போய் வாங்கிடலாமான்னு தெருவுலயே நின்னேன். ரெண்டு குடும்பம் பெஞ்சுல கிடந்துதுன்னு அவர் சொன்னதை நெனச்சேன், போகலை. நீங்களா வந்து சொல்வீங்கன்னு ஒவ்வொரு நாளும் பாத்தேன். சொல்லலை. அதான் இன்னிக்கு நாலு மணி வண்டி, நாலு மணி வண்டின்னு பிடிச்ச பிடியில நின்னேன். அந்த ஒரு பயணி நான்தாங்க.

அப்பா: தெரியும். புதன்கிழமை சூப்பரண்டு அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில வச்சப்பவே தெரியும், உன் எழுத்து எனக்குத் தெரியாதா? இன்னிக்கு நீ நாலு மணி வண்டின்னு பிடிச்சதும் என் வாயைப் பிடுங்கத்தான்னு தெரிஞ்சேதான் தெரியாத மாதிரி இருந்தேன். மதிய சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனப்புறம் சிவப்புப் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு நாலு தடவை படிச்சேன், ஒரே ஒரு எடத்துலயாவது வட்டம் போட்டுடணும்னு. போட முடியலை, ஒரு தப்பு கூட இல்லை... வீட்டுக்கு வந்து உங்கிட்ட சொல்ல முடியாம இருந்தது அதைத்தான்.